பி7-இல் நின்ற மந்திரி: அரோனியன் – ஆனந்த், வைக் ஆன் ஸீ 2013

கருங்குதிரை (இழையைத் தொடங்கியவர்)

2013 ஜனவரி 15 அன்று நம் ஊர்களில் மாட்டுப் பொங்கல். அன்று மாலை நான் கணினியின் முன் அமர்ந்து, நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூரான வைக் ஆன் ஸீயில் நடந்துகொண்டிருந்த டாடா ஸ்டீல் போட்டித்தொடரின் நான்காம் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் காய்கள் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனிடமும், கருப்புக் காய்கள் அப்போதைய உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்திடமும் இருந்தன. அரோனியன் அந்நாளில் 2800-க்கு மேற்பட்ட தரப்புள்ளிகளை வைத்திருந்தவர். வெள்ளைக் காய்களோடு ஆடும் அவரை 23 நகர்வுகளில் வீழ்த்துவது எவருக்கும் எளிதன்று. அந்த ஆட்டத்தை ஓராண்டுக்கு ஒரு முறையாவது பலகையில் எடுத்துவைத்து ஆடிப் பார்க்கிறேன். இம்முறை கண்டதை இங்கே பகிர்ந்து, மற்றவர்களின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்.

முதலில் நகர்வுகள். கட்டங்களின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; காயின் பெயர் இல்லாதது சிப்பாயின் நகர்வு, × என்பது வெட்டு, 0-0 என்பது ராஜாவும் யானையும் சேர்ந்து நகரும் கோட்டை கட்டல்.

1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 ஈ6 5. ஈ3 குதிரை பி8-டி7 6. மந்திரி டி3 டி×சி4 7. மந்திரி×சி4 பி5 8. மந்திரி டி3 மந்திரி டி6 9. 0-0 0-0 10. ராணி சி2 மந்திரி பி7 11. ஏ3 யானை சி8 12. குதிரை ஜி5 சி5 13. குதிரை×எச்7 குதிரை ஜி4 14. எஃப்4 சி×டி4 15. ஈ×டி4 மந்திரி சி5 16. மந்திரி ஈ2 குதிரை டி7-ஈ5 17. மந்திரி×ஜி4 மந்திரி×டி4 செக் 18. ராஜா எச்1 குதிரை×ஜி4 19. குதிரை×எஃப்8 எஃப்5 20. குதிரை ஜி6 ராணி எஃப்6 21. எச்3 ராணி×ஜி6 22. ராணி ஈ2 ராணி எச்5 23. ராணி டி3 மந்திரி ஈ3. வெள்ளை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது.

திறப்பு செமி ஸ்லாவ்; அதிலும் மெரான் வகை. ராணிப் பக்கச் சிப்பாய்த் திறப்புகளுக்குக் கருப்பு தரும் பதில்களில், மையத்தைச் சிப்பாய்களால் பிடித்து, காய்களை ஒழுங்காக வெளிக்கொணர்ந்து, உரிய நேரத்தில் சி5 என்று உடைக்கும் பழமையான வழி இது. எல்லாரும் பேசுவது 15, 16, 23-ஆம் நகர்வுகளைப் பற்றித்தான். நான் கேட்க விரும்புவது வேறு: அந்தப் பலிகளைத் தாங்கிய வலிமை எங்கிருந்து வந்தது?

காய்களை எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை இது. வெள்ளை ஆடிய 23 நகர்வுகளில் ஐந்தை ராஜா பக்க மந்திரி மட்டுமே எடுத்துக்கொண்டது: டி3, சி4, மீண்டும் டி3, ஈ2, ஜி4. எஃப்3-இல் தொடங்கிய குதிரையும் ஐந்து முறை நகர்ந்தது: எஃப்3, ஜி5, எச்7, எஃப்8, ஜி6. ஆக, பத்து நகர்வுகள் இரண்டே காய்களுக்குச் செலவாயின. அவ்விரண்டும் இறுதியில் வெட்டுப்பட்டன. சி1 மந்திரியும் ஏ1 யானையும் ஆட்டம் முடியும் வரை பிறந்த கட்டத்தைவிட்டு அசையவே இல்லை. கருப்பின் பக்கமோ, பி7 மந்திரி ஒரே ஒரு நகர்வில் தன் இடத்தை அடைந்து, பிறகு அசையாமல் நின்றபடியே வெள்ளை ராஜாவின் வீட்டை முடக்கியது. சி8 யானையும் அப்படியே. மிக அழகாகத் தெரியும் தாக்குதல், மிகச் சாதாரணமான இரண்டு நகர்வுகளின்மேல் நிற்கிறது என்பதே என் எண்ணம்.

---

அறுபத்துநான்கு

கருங்குதிரை அவர்களுக்கு வணக்கம். நான் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். இந்த ஆட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வைப்பதுண்டு. நீங்கள் விரைந்து கடந்துவிட்ட 13-ஆம் நகர்விலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மாணவர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

வெள்ளை எச்7-ஐக் குதிரையால் வெட்டியவுடன், அதைத் திருப்பி வெட்டுவதே எவருக்கும் தோன்றும். அப்படி வெட்டினால் டி3 மந்திரி எச்7-ஐ எடுத்துச் செக் சொல்லும். கருப்பு ராஜா எச்8-க்குப் போனபின் மந்திரி ஈ4-க்குப் பின்வாங்கும். வெள்ளை ஒரு சிப்பாய் கூடுதலாகப் பெற்று அமைதியாக ஆடும். ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவே இல்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். இப்போது டி6 மந்திரியும் ஜி4 குதிரையும் சேர்ந்து எச்2-ஐக் குறிவைக்கின்றன. அதைக் காப்பது ராஜா மட்டுமே, ஏனெனில் காக்க வேண்டிய எஃப்3 குதிரைதான் எதிரி வீட்டில் எச்7-இல் நிற்கிறதே.

வெள்ளை 14. எச்3 என்று குதிரையை விரட்டினால் என்ன ஆகும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவேன். மந்திரி எச்2-இல் செக், ராஜா எச்1, ராணி எச்4. அடுத்து ராணி எச்3 சிப்பாயை வெட்டும் அச்சுறுத்தல் எழுகிறது. ஜி2 சிப்பாய் அந்த ராணியை எடுக்க இயலாது. அது நகர்ந்தால் பி7 மந்திரியின் குறுக்குக்கோடு நேரே ராஜாவின்மேல் பாயும். கருங்குதிரை அவர்கள் சொன்ன அந்த அமைதியான மந்திரி முதன்முதலில் பேசுவது இந்த இடத்தில்தான். அதுவும் பலகையில் வராத ஒரு வரிசையில்.

ஆகவே 14. எஃப்4 என்ற நகர்வு ஏறக்குறைய கட்டாயம். ஆனால் அது எச்2 நோக்கிய வழியை அடைத்த அதே நேரத்தில், ஜி1 நோக்கிய இன்னொரு வழியைத் திறந்துவிட்டது. எஃப்2 காலியானது. அடுத்த இரண்டு நகர்வுகளில் டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டபோது ஈ3-யும் காலியானது. கருப்பு மந்திரி டி6-இலிருந்து சி5-க்கு ஒரு கட்டம் நகர்ந்ததும், அதற்கும் வெள்ளை ராஜாவுக்கும் இடையே நிற்பது டி4 சிப்பாய் ஒன்றே. இதனால் அந்தச் சிப்பாய் கட்டுண்டுவிட்டது. மந்திரியை வெட்டலாமே தவிர, வேறு எங்கும் போக அதற்கு உரிமை இல்லை. 16-ஆம் நகர்வைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 16-ஆம் நகர்வில் டி7 குதிரை ஈ5-க்கு வந்தபோது, கருப்பின் எஃப்8 யானை, சி5 மந்திரி, ஜி4 குதிரை, ஈ5 குதிரை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வெட்டுக்கு நிற்கின்றன. வகுப்பில் இந்த நிலையைக் காட்டிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். பிறகு ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கச் சொல்வேன். டி4 சிப்பாய் ஈ5 குதிரையை எடுக்கலாமா? முடியாது, கட்டுண்டது. எஃப்4 சிப்பாய் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் ராணி டி4-ஐ வெட்டிச் செக், ராஜா எச்1, ராணி ஜி1-க்கே போய்ச் செக், யானை அதை வெட்டியே ஆக வேண்டும், குதிரை எஃப்2-இல் மேட். தன் யானையும் தன் சிப்பாய்களும் சூழ, ராஜா மூச்சு முட்டி நிற்பார். டி4 சிப்பாய் சி5 மந்திரியை எடுத்தாலும் முடிவு அதேதான்: ராணி டி4, ராணி ஜி1, குதிரை எஃப்2.

ஒரு நுணுக்கம். வெள்ளை ராணி சி2-இல் இருக்கிறது. இரண்டாம் வரிசை திறந்திருந்தால் அது எஃப்2 குதிரையை வெட்டிவிடும். ஆனால் 16-இல் மந்திரி ஈ2-க்கு வந்து அந்த வழியை மறித்துவிட்டது. ஜி4 குதிரையைத் தாக்க வந்த மந்திரியே ராணியின் கையைக் கட்டியது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

---

நேர்கோடு

இருவரின் பதிவுகளும் அருமை. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவோடு முன்வைக்க வேண்டும்.

இந்தத் தொடர்ச்சி 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டிக்காக ஆனந்தின் குழு தயாரித்து வைத்திருந்தது. அந்தப் போட்டி 6–6 என்று சமனாகி, விரைவு ஆட்டங்களில் 2.5–1.5 என்ற கணக்கில் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். இந்த ஆயுதம் அங்கே வெளிவரவில்லை. எட்டு மாதங்கள் கழித்து அரோனியன் தானே வந்து இதற்குள் நுழைந்தார். ஆக, பலகையின் முன் ஒரு பக்கத்தில் நினைவுகூர்ந்துகொண்டிருந்த ஒருவர், மறுபக்கத்தில் முதன்முறையாகச் சிந்தித்துக்கொண்டிருந்த ஒருவர். ஆனந்தின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தின் அழகைப் பேசும்போது, அந்த அழகு எப்போது, எங்கே பிறந்தது என்பதையும் பேச வேண்டும் அல்லவா? 1907-இல் அக்காலப் பெரும் ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைன் ஆடியதும் இதுவும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அவருக்கு உதவிக்கு நகர்வுகளைக் கணக்கிடும் எந்தக் கணினிப் பொறியும் இல்லை.

---

பழைய ஆட்டம்

நேர்கோடு அவர்கள் ரூபின்ஸ்டைனைக் குறிப்பிட்டதால் உள்ளே வருகிறேன். அந்த ஒப்பீட்டை விசிறிகள் தாமாகக் கட்டவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஆனந்தே அதை நினைவுகூர்ந்தார்.

1907 டிசம்பர் 26, இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரம். வெள்ளை ரோட்லெவி, கருப்பு அகிபா ரூபின்ஸ்டைன். அந்த ஆட்டமும் ராணிப் பக்கச் சிப்பாய்த் திறப்பில் பிறந்து, இருபக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த சிப்பாய்களோடு தொடங்கியது. அங்கும் வெள்ளை மந்திரி டி3, சி4, டி3 என்று மூன்று நகர்வுகளைச் செலவழித்தது. ராணியும் டி2-க்கு வந்து, பிறகு ஈ2-க்குப் போய் இன்னொரு நகர்வை இழந்தது. அங்கும் வெள்ளை எஃப்4 என்று தள்ளியது. அங்கும் கருப்பின் ஒரு மந்திரி பி7-இலும், மற்றொன்று ஜி1-ஐ நோக்கிய கோட்டிலும் நின்றன. யானை சி8-இலும் குதிரை ஜி4-இலும் இருந்தன. பிறகு நடந்தது உலகறிந்தது: 22-இல் யானை சி3 குதிரையை வெட்ட, எச்4-இல் நின்ற ராணி பலியானது. 23-இல் இன்னொரு யானை டி2-இல் போய் அமர்ந்தது. வெள்ளையின் 25. ராணி ஜி2 என்ற நகர்வுக்குக் கருப்பின் பதில் யானை எச்3. ரோட்லெவி விட்டுக்கொடுத்தார்.

இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாக்கிய காய்கள் அவையே. அவை நின்ற கட்டங்களும் ஏறக்குறைய அவையே. 105 ஆண்டுகள் இடைவெளி. இது தற்செயலன்று என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. மெரான் என்ற பெயரே இத்தாலியின் வடக்கிலுள்ள மெரான் நகரில் 1924-இல் நடந்த போட்டித்தொடரிலிருந்து வந்தது. அங்கே எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டை இந்த முறையால் கருப்புக் காய்களோடு வென்றவர் வேறு யாருமல்லர், அதே ரூபின்ஸ்டைன். சி4-ஐ வெட்டி, மந்திரி வந்து திருப்பி வெட்டியவுடன் பி5 என்று தள்ளி, அதை மீண்டும் நகரவைத்து, அப்படிக் கிடைத்த நேரத்தில் தன் மந்திரியை நீண்ட குறுக்குக்கோட்டில் வைப்பது என்ற எண்ணம் அவருடைய ஆட்டங்களில் ஊறியது. ஆகவே ஆனந்த் லோட்ஸ் ஆட்டத்தை நினைத்தது மரியாதைக்காக மட்டுமன்று. அவர் ஆடிக்கொண்டிருந்த பாதுகாப்பின் வேரே அங்கே இருக்கிறது.

பொறியின் உதவி பற்றி: இந்த நிலைக்கு வந்தபின் எந்தப் பொறியும் குதிரை ஈ5 என்று காட்டும். இந்த நிலைக்கு வர வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டுமே. ஆனந்த் மெரானை 2012-இல் புதிதாக எடுத்துக்கொண்டவர் அல்லர். 2008-இல் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியில் மூன்றாம் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் கருப்புக் காய்களோடு இதே மெரானில் வென்றார். அவ்விரண்டுமே அந்தப் போட்டியை அவர் பக்கம் சாய்த்தன. அங்கும் மந்திரியை பி7-இல் வைத்து, நேராக வெள்ளை ராஜாவின்மேல் நோக்கவைத்தார். ஆண்டுக்கணக்கில் ஒரு பாதுகாப்போடு வாழ்ந்தவருக்குத்தான் எந்தக் கிளையைத் தோண்டினால் நீர் வரும் என்பது தெரியும்.

---

புதுச்சிப்பாய்

வணக்கம். நான் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாமா?

19-ஆம் நகர்வில் வெள்ளைக் குதிரை எஃப்8 யானையை வெட்டுகிறது. கருப்பு ராஜா பக்கத்திலேயே இருக்கிறார். அந்தக் குதிரையை உடனே எடுத்துக்கொள்ளலாம். ஆனந்த் அதைச் செய்யாமல் எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளினார். அந்த நேரத்தில் அவர் ஒரு முழு யானை குறைவாக இருந்தார் என்று என் கணக்கு சொல்கிறது. அது சரிதானா? அப்படியானால் அந்த நகர்வின் அவசரம் என்ன?

---

அறுபத்துநான்கு

தம்பி, உங்கள் கணக்கு முற்றிலும் சரி. 18-ஆம் நகர்வின் முடிவில் காய்கள் சமம். 19-இல் யானை போனதும் கருப்பு ஒரு யானை பின்தங்கியது.

வெள்ளையின் ராணி சி2-இலிருந்து டி3, ஈ4, எஃப்5, ஜி6 வழியாக எச்7 வரை பார்த்துக்கொண்டிருக்கிறது. கருப்பு ராஜா எஃப்8-ஐ வெட்டினால், வெள்ளை ராணி எச்7-க்கு வந்து விளையாட்டுக்குள் நுழைந்துவிடும். எஃப்5 அந்தக் கோட்டை ஒரே அடியில் அடைக்கிறது. கூடவே ஜி4 குதிரைக்கு ஒரு தாங்கலும் கிடைக்கிறது. இனி அந்தக் கோட்டின் வழியே வெள்ளை ராணி ராஜா பக்கம் வர இயலாது; கருப்பு ராணி எச்4-க்கு வந்து எச்2-இல் மேட் சொல்லப் போகிறது. எஃப்8 குதிரை எங்கும் ஓடிவிடாது.

அந்தக் குதிரை ஈ6 சிப்பாயை வெட்டிக்கொண்டு டி4 மந்திரியைத் தாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். ராணி எச்4, எச்3, ராணி ஜி3. அடுத்து எச்2-இல் மேட். எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்டினால் ராணி எச்4-க்குத் திரும்பி வந்து மேட். ஜி1-ஐ டி4 மந்திரி காவல் காக்கிறது. இதனால்தான் அரோனியன் குதிரையை ஜி6-க்கு ஆடினார்: அங்கிருந்து அது எச்4-ஐக் காக்கும். ஆனந்த் ராணியை எஃப்6-க்கு வைத்து அதே குதிரையைத் தாக்கினார். எச்6 வழியாக இறங்கும் அச்சுறுத்தலும் அதில் உண்டு.

21-இல் ஜி6 குதிரை வெட்டுப்பட்டபின், கருப்பு இழந்தது ஒரு யானை, பெற்றது ஒரு குதிரை, அவ்வளவுதான் வித்தியாசம். 22-இல் வெள்ளை எச்3 சிப்பாயால் ஜி4 குதிரையை எடுக்க இயலாததையும் பாருங்கள்: எச்6-இல் ராணி வந்தால் அதுவே மேட்.

---

கருங்குதிரை

இருவருக்கும் நன்றி. நான் முதலில் சி8 யானையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன்; அதை விரிக்காமல் போனால் நேர்கோடு அவர்களின் கேள்விக்கு நான் முழுமையாகப் பதில் சொன்னதாகாது.

பி7 மந்திரியின் கோட்டை அடைப்பதற்கு வெள்ளையிடம் மிக இயல்பான வழி ஒன்று இருக்க வேண்டும்: சி3 குதிரையை ஈ4-இலோ டி5-இலோ வைப்பது. எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். 19-ஆம் நகர்விலிருந்து 21-ஆம் நகர்வு வரை அரோனியனால் அதைச் செய்ய முடியவில்லை. காரணம், சி கோட்டில் கருப்பு யானைக்கும் வெள்ளை ராணிக்கும் நடுவில் அந்தக் குதிரை நிற்கிறது. அது விலகினால் சி2-இல் ராணி வெட்டுப்படும். 11-ஆம் நகர்வில், குதிரை ஜி5 என்ற தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே, ஆனந்த் யானையைச் சி8-இல் வைத்துவிட்டார். அப்போது சி6-இல் அவருடைய சொந்தச் சிப்பாயே யானையை மறைத்துக்கொண்டிருந்தது. சி5, சி×டி4 என்று அது கரைந்துபோனபின், பதுங்கியிருந்த யானையின் பார்வை ராணிமேல் விழுந்தது.

22-இல் வெள்ளை ராணி ஒருவழியாகச் சி கோட்டைவிட்டு ஈ2-க்கு விலகியது, குதிரைக்கு விடுதலை. ஆனால் ராணி எச்5 வந்தவுடன் எச்3-இல் ஒரே அடியில் மேட். 23-இல் குதிரை ஈ4-க்கு வந்தாலும் பி7 மந்திரி அதை வெட்டிக்கொண்டு, அதே குறுக்குக்கோட்டில் இன்னும் அருகே வந்து நிற்கும்.

நேர்கோடு ஐயா, வீட்டில் தயாரித்ததா, பலகையில் கண்டதா என்ற கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை. தயாரித்ததே. ஆயினும் என்னை ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆட்டத்துக்குத் திரும்பி அழைத்துவருவது 16-ஆம் நகர்வின் திகைப்பன்று. மந்திரி பி7, யானை சி8 என்ற, எந்தத் தொடக்க நிலை ஆட்டக்காரரும் ஆடக்கூடிய இரண்டு நகர்வுகள், பத்து நகர்வுகளுக்குப் பின்னும் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் ராணியையும் குதிரையையும் சிப்பாயையும் கட்டிப்போட்டன என்பதே. அந்த இரண்டையும் எந்தப் பொறியும் கண்டுபிடித்துத் தரவில்லை. அவை ரூபின்ஸ்டைனின் காலத்திலேயே இருந்தன.

---

நேர்கோடு

மறுப்பதற்கில்லை, என் கருத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறேன். சி கோட்டைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பலகையில் வைத்துச் சரிபார்த்தேன். 19, 20, 21 ஆகிய மூன்று நகர்வுகளிலும் குதிரை ஈ4 என்று ஆட என் கை போனது; மூன்று முறையும் ராணி பறிபோனது. லோட்ஸ் ஆட்டத்திலும் பி7 மந்திரிக்கு எதிராக ரோட்லெவி ஒரு காயை ஈ4-இல் வைத்தார், அது மந்திரி. ரூபின்ஸ்டைன் டி2-இல் யானையைப் பலிகொடுத்து அந்த ஈ4 மந்திரியைக் காத்துவந்த ராணியை இழுத்தார். அந்த ஆட்டத்தில் உடைக்க வேண்டியிருந்த அந்த அடைப்பு, இந்த ஆட்டத்தில் எழவே விடப்படவில்லை. இந்த வேறுபாட்டை இன்றுதான் கவனித்தேன்.

இருந்தாலும் ஒன்றில் உறுதியாக நிற்கிறேன். வெள்ளையின் பிழை 22-இலோ 23-இலோ இல்லை. 12-இல் குதிரை ஜி5 ஆடி, 13-இல் எச்7 சிப்பாயை எடுத்த முடிவில் இருக்கிறது. சி1 மந்திரியும் ஏ1 யானையும் உறங்கிக்கொண்டிருக்கும்போது, விழித்திருக்கும் ஒரே காவல்காரனை ஒரு சிப்பாய்க்காக எதிரி வீட்டுக்கு அனுப்பினார். அரோனியன் போன்றவர் இதை அறியாதவர் அல்லர். தம் கணக்கை நம்பினார், அவ்வளவே. அந்தத் தொடரில் அவர் இதன் பின்னும் நன்றாக ஆடி 8.5 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்றார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 13 ஆட்டங்களில் 10 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்ற மாக்னஸ் கார்ல்சன், அங்கே 1999-இல் காஸ்பரோவ் எடுத்த புள்ளிகளைச் சமன் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பெற்றவரும் அவரே. அந்த வருத்தத்தினால் இந்த ஆட்டம் பலரின் நினைவில் சற்று மங்கிவிட்டதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

---

புதுச்சிப்பாய்

அறுபத்துநான்கு ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அதைப் படித்தபின் கடைசி நிலையை மட்டும் எடுத்துவைத்து இரவு முழுவதும் வெள்ளையைக் காப்பாற்ற முயன்றேன். 23-இல் வெள்ளை ராணி டி3-க்கு வந்து, மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐக் காக்கிறது. டி4 மந்திரியையும் தாக்குகிறது. இதைவிட நல்ல நகர்வு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனந்த் தாக்கப்பட்ட அந்த மந்திரியையே ஈ3-இல் வைத்து, ராணிக்கும் எச்3-க்கும் நடுவே புகுத்திவிட்டார். அங்கிருந்தும் அது ஜி1-ஐக் காவல் காக்கிறது.

சி1 மந்திரி ஆட்டத்திலேயே முதன்முறையாக அசைந்து ஈ3-ஐ வெட்டினால், ராணியின் வழியை இப்போது அதுவே அடைக்கிறது; ராணி எச்3-ஐ வெட்டிச் செக், ராஜா ஜி1, ராணி ஜி2-இல் மேட். வெள்ளை ராணியே ஈ3-ஐ வெட்டினால் ஜி4 குதிரை அதை எடுத்துக்கொள்ளும். கடைசியாக யானை எஃப்3 என்று ஆடிப் பார்த்தேன். அது எச்3-ஐயும் காக்கிறது, பி7 மந்திரியின் கோட்டையும் மறைக்கிறது, விடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன். பி7 மந்திரி எஃப்3-ஐ வெட்டுகிறது. ஜி2 சிப்பாய் அதைத் திருப்பி வெட்டினால், ராணி எச்3-இல் மேட்.

பத்தாம் நகர்விலிருந்து அசையாத அந்த மந்திரி, என் பலகையில் அப்போதுதான் முதன்முறையாக அசைந்தது.